மீசை நறுக்கிய எலிகளும் பேக்கரி வேலையும்

மதிப்பிற்குரிய மெர்ல் அத்தைக்கு, ஹோபார்ட்டிலிருந்து உங்கள் அண்ணன் மகன் லாக்லன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் சுண்டெலிகளும் நலம். உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பேக்கரிக்கு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நானே வருகிறேன். எலி இருட்டில் மீசையால்தான் உலகத்தைத் தடவிப் பார்க்கும், ஒவ்வொரு மீசை முடிக்கும் மூளையின் மேலுறையில் தனி இடம் உண்டு, குட்டியிலேயே மீசையை நறுக்கிவிட்டால் அந்த இடத்து நரம்புகள் சரியாகப் பின்னிக்கொள்ளாது. இதுதான் என் ஆராய்ச்சி. ஒவ்வொரு ஈற்றிலும் பாதிக் குட்டிகளுக்கு என் உதவியாளர் பிரையோனி மீசையை நறுக்குவாள், மீதியை மீசையைத் தொடாமல் சும்மா தூக்கிவிட்டு வைப்பாள், நான் மூளைச் சீவல்களை மட்டும் பார்ப்பேன். எது எந்தக் குட்டி என்று எனக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும் என்பதால் எங்கள் தொழிலில் இது விரதம் மாதிரி. எலி அறைப் பக்கமே போகாமல், பிரையோனி வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொண்டு விரதம் காத்து, நேற்று கணக்கைப் பிரித்தால் இரண்டு கூட்டத்துக்கும் துளி வித்தியாசம் இல்லை. பேராசிரியை ரோசலிண்ட் தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஊரெல்லாம் கண்ட வித்தியாசம் உன் எலிக்கு மட்டும் இல்லையாம். எலி பிழைச்சுக்கும்ப்பா, நீ எப்படிப் பிழைக்கப்போற?"ன்னு கேட்டாங்க. அவமானமாப் போச்சு அத்தை. நாலு வருஷம் வீண்.

திங்கட்கிழமை பேருந்தில் உங்கள் ஊர் பர்னிக்கு வந்து இறங்குகிறேன். மாமாவிடம் மெல்லச் சொல்லுங்கள். உங்கள் ஆசி வேண்டும்,
லாக்லன்.

பின்குறிப்பு: விடைபெற எலி அறைக்குப் போனேன். மிச்சமிருக்கும் குட்டிகளில் ஒன்றுக்கும் மீசை இல்லை. பிரையோனி விட்டுவைத்ததைத் தாய்களே பல்லால் பிடுங்கிச் சமன் செய்திருக்கின்றன. சில எலிகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு, எங்கள் தாய் எலிகள் எல்லாம் ஒரே வீட்டு அக்கா தங்கைகள், எல்லாவற்றுக்கும் அதே பழக்கம்.

"ஆரம்பத்துலேயே பார்த்தேனே" என்றாள் பிரையோனி.

"ஏன் சொல்லலை?"

"எலியைப் பத்தி மூச்சு விடாதேன்னு நீதானே சொன்ன?"

ஆக, ஒப்பிட்டுப் பார்க்க மீசையுள்ள எலியே என்னிடம் இருந்ததில்லை. ஆராய்ச்சி சாகவில்லை என்று சந்தோஷமாக இருக்கிறது. வேறு தாய்களை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறேன். "மறுபடியும் நாலு வருஷமா? ஆளை விடு சாமி" என்கிறாள் பிரையோனி. திங்கட்கிழமை பேருந்தில் பேக்கரி வேலைக்கு எனக்குப் பதில் அவள்தான் வருகிறாள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள். அதனால் அவளிடம் எதையும் யோசித்துச் சொல்லுங்கள்.