முட்டை அண்ணே லோரியில் ஒரு மெத்தை

முட்டை அண்ணே என்னைக் கொன்று மோரிப் கடற்கரையில் புதைக்கப்போகிறார் என்று நான் ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். சிரிக்காதீர்கள். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் போலீசுக்கே போயிருப்பீர்கள். எனக்குப் போலீஸ் என்றாலும் பயம். அதனால் போகவில்லை.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பங்சாரில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. அண்ணே கடை கடையாக முட்டை போடுகிறவர். அவர் லோரியைவிட மெதுவாக ஓடிய வண்டி கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. சைக்கிள்காரன் முந்துவான். ஒருமுறை சவ ஊர்வலமே ஹார்ன் அடித்து அவரை முந்திப் போனது. ரோட்டுக் குழிகளுக்கெல்லாம் தன்னிடம் வம்பு செய்தவர்களின் பெயரை வைத்திருந்தார். "மச்சான் குழி வருது, பிடிச்சுக்க!" என்று கத்திவிட்டு, அந்தக் குழியைச் சுற்றிக்கொண்டு போவார்.

கல்யாணமானவர் என்று தெரியும். ஆனால் மனைவியைப் பற்றிக் கேட்டால் முட்டை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கோ போய், யாரிடமும் பேசாமல் திரும்பி வருவார். நான் மாடியில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். விடை நன்றாக வராது.

ஒரு சனிக்கிழமை காலை அவரே மேலே வந்தார்.

"தம்பி, உன் வெயிட்டு எவ்வளோ?"

தெரியாது என்றேன். மூலைக்கடைக்கு இழுத்துப்போய், அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அதே வெயிட்டு! அப்படியே அதே வெயிட்டு!"

"எதோட அண்ணே?"

"லோரியில ஏறு."

பின்னால் முட்டைத் தட்டுகள் இல்லை. ஒரு மெத்தை இருந்தது. "படு" என்றார்.

"நானா?"

"முட்டைக்கு வாய் இல்லடா. உடையும், ஆனா எங்க வலிச்சதுன்னு சொல்லாது. இந்தத் தெருவுலயே அதிகமா முனகுறவன் நீதான்."

அது உண்மை. கொசு கடித்ததற்கு டாக்டரிடம் எம்.சி. வாங்கி லீவு எடுத்தவன் நான்.

போன இடம் கிள்ளானில் ஒரு ஸ்ப்ரிங் பட்டறை. முதலில் கல் லோரிகளுக்குப் போடும் கெட்டியான ஷாக் அப்சோர்பரை மாட்டினார்கள். திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்புக்குத் தனித்தனியாக அறிமுகமானது. அடுத்த வாரம் காரிலிருந்து கழற்றிய சுருள் ஸ்ப்ரிங். லோரி படகாகிவிட்டது. பந்திங் வரை ஓட்டிப் பார்த்ததில், நான் காலையில் சாப்பிட்ட தோசை வெளியே வந்துவிட்டது. மூன்றாவது வாரம் அண்ணே புதிதாக ஒன்று சொன்னார். வண்டியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்ப்ரிங் பட்டைகளைக் கழற்றச் சொன்னார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "என்னா பாஸ், எல்லாரும் லோடு ஏத்தணும்னு பட்டை கூட்டச் சொல்றாங்க. நீங்க கழட்டச் சொல்றீங்க. அப்படி என்னதான் ஏத்தப்போறீங்க?"

"இவன் வெயிட்டுல ஒரு ஆளு."

"உக்காந்து வருவாங்களா?"

"படுத்துதான். வலிச்சாலும் சத்தம் வராது."

மெத்தையில் படுத்திருந்த நான் முனகக்கூட மறந்தேன். சத்தம் வராத ஆள் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரியாதா?

அன்றே லோரி மோரிப்புக்குப் போனது. தார் ரோட்டோடு நிற்கும் என்று பார்த்தால் மணலில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் சக்கரம் புதைந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அண்ணே கையில் சங்குல், அந்தப் பெரிய மண்வெட்டி. மணலை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலிச் சாக்குகள்.

குதித்து ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பின்னாலேயே சங்குலோடு அண்ணே ஓடி வந்தார்.

"ஓடாதடா! இன்னும் ஒரே ஒரு தடவ படுடா!"

கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த ஆன்டியின் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அண்ணே, எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை!" என்று அலறினேன்.

அண்ணே மூச்சு வாங்க நின்றார். பிறகு சங்குலைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"உங்க அக்காவுக்குடா, என் பொண்டாட்டிக்கு" என்றார். "விழுந்து இடுப்பு போயிருச்சு. சுங்கை பூலோவுல அவ தங்கச்சி வீட்டுல படுத்த படுக்கையா கெடக்கா. போன தடவ டாக்சியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் சேலைத் தலைப்பக் கடிச்சுக்கிட்டே வந்தா. ஒரு சத்தம் போடல. அதோட எங்கயும் வரமாட்டேன்னுட்டா. கடல மட்டும் ஒருக்கா பாக்கணுமாம். ரோட்டுல நிறுத்துனா சுவர் மறைக்கும். படுத்தவாக்குல பாக்கணும்னா லோரி மணல்ல எறங்கணும் இல்லையா?"

நான் எழுந்துபோய், யாரும் சொல்லாமலே மெத்தையில் படுத்தேன். அன்று போல வாழ்நாளில் நான் முனகியதில்லை. "அண்ணே, இடது பக்கம் இடிக்குது." "அண்ணே, பின்னாடி தூக்கிப் போடுது." அவர் டயரில் காற்றை இறக்கினார். லோரி புதையாமல் நகர்ந்தது. காலிச் சாக்குகளில் மணலை நிரப்பி, பின்சக்கரங்களுக்கு மேலே அடுக்கினார். கனம் ஏறியதும் வண்டி துள்ளுவதை விட்டது. மறுபடி கிள்ளானுக்குப் போய் இன்னும் ஒரு பட்டையைக் கழற்றினோம். கடைசியில் ஒருநாள், முனக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சுங்கை பூலோவிலிருந்து அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பின்னால் அக்கா பக்கத்தில் நான். அக்கா சேலைத் தலைப்பைக் கடித்தால் முன்பக்கத் தகரத்தைத் தட்ட வேண்டும், அண்ணே நிறுத்துவார். அக்காவின் கை தலைப்பை இறுகப் பிடித்திருந்தது. கிள்ளான் தாண்டியதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

மோரிப் வந்தது. அண்ணே டயரில் காற்றை இறக்கினார். மணலில் இறங்கி, பின்பக்கம் கடலைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஏன்டா ஒரு தடவகூட தட்டல? பயந்தே போயிட்டேன்லா!"

"அக்கா தூங்குறாங்க, அண்ணே."

எழுப்பவில்லை. வெயில் படாமல் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் குடை பிடித்து நின்றோம். அலை நெருங்கி வந்த சத்தத்தில்தான் அக்கா கண் விழித்தார்.

"ஏங்க, இன்னும் கெளம்பலையா?"

முட்டை அண்ணே கடல் தெரியும்படி, தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்.