கெண்டிச் செடித் தீர்த்தம்

படித்தவனுக்கு வேலை கிடைக்காவிட்டால் ஆபத்து அவனுக்கு இல்லை, கூட இருப்பவர்களுக்குத்தான். தாவரவியல் பட்டத்தோடு, திருத்தணி மலையடிவாரத்தில் மெஸ் நடத்தும் பாவா (அக்காவின் கணவர்) வீட்டில் நான் சோறு தின்றுகொண்டிருந்த சமயம் அது.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. கூட்டத்துக்கு முன்னால் ஈக்கள் வந்துவிட்டன.

"இலைய போட்டா, ஆளு குந்தறதுக்குள்ள ஈ குந்திகினு கீது," என்று புலம்பினார் பாவா.

"பூச்சி தின்னும் செடி வைக்கலாம் பாவா," என்றேன். (வாயில் சனி.)

ஆன்லைனில் மூன்று செடிகள் வந்தன. பாவாவை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். வீனஸ் செடி இலையை வாய் போலத் திறந்து வைத்திருக்கும். உள்ளே இருக்கும் ரோமத்தை ஈ அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டால் லபக். பனித்துளிச் செடியில் தேன் மாதிரி பசை மின்னும். ஆசைப்பட்டு உட்கார்ந்த பூச்சி ஒட்டிக்கொண்டு சாகும். கெண்டிச் செடியில் குடுவை தொங்கும். விளிம்பில் வழுக்கி விழும் பூச்சி உள்ளே இருக்கும் நீரில் செரிமானமாகிவிடும்.

வீனஸ் ஒரு ஈயைப் பிடித்து வாயை மூடியது. மறுநாளும் திறக்கவில்லை.

"இன்னாடா, இன்னும் மென்னுகினு கீது?"

"செரிக்க ஒரு வாரம் ஆகும் பாவா."

"நீயே பரவால்லடா," என்றாள் அக்கா. "உனுக்கு அரை மணி நேரந்தான்."

பனித்துளிச் செடி கொசுக்களோடு நிறுத்திக்கொண்டது. கெண்டியை மட்டும் ஈக்கள் மதித்தன. அதைக் கல்லாவுக்கு மேலே, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். (என் அறிவு அப்படி.)

கிருத்திகையன்று, காவடி இறக்கிவிட்டுச் சாப்பிட வந்த பள்ளிப்பட்டுப் பெரியவர் ஒருவர் படத்தைக் கும்பிட்டார். குடுவையைப் பார்த்தார். பக்தியோடு அதை உள்ளங்கையில் சாய்த்து, உறிஞ்சி, மீதியைத் தலையில் தடவிக்கொண்டார். நான் சாம்பார் வாளியோடு அவரிடம் ஓடினேன்.

"லேசா புளிக்குதுப்பா. எந்தக் கோயில் தீர்த்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பின்னால் வரிசையே நின்றுவிட்டது. அடுத்து நின்ற அம்மாளின் கையில் பாதி கரைந்த ஈ ஒன்று வந்து விழுந்தது.

"ஐயோ, குடிக்காதீங்க! அது செடியோட வயித்துத் தண்ணி!"

பெரியவர் வாசலுக்கு ஓடினார். குடிக்காதவர்கள் அவரை முந்திக்கொண்டு ஓடினார்கள். பாதியில் விட்ட இலைகளில் ஈக்கள் நிம்மதியாகச் சாப்பிட்டன. பாவா என்னைப் பார்த்த பார்வையில் நானே செரித்திருப்பேன்.

பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆயிற்று. இன்று அரக்கோணத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன், மரியாதையாகத்தான் இருக்கிறேன். ஆனால் எந்தப் பெருமாள் கோயிலுக்குப் போனாலும், தீர்த்தம் கொடுக்கும்போது அக்கா என்னை முன்னால் தள்ளிவிடுகிறாள்:

"மொதல்ல இவனுக்கு ஊத்துங்க சாமி. உள்ள இன்னா கீதுன்னு பாத்து சொல்லுவான்."