ஒய்.பி.யின் கார் கிளம்பிவிட்டது

மைக்கைக் கையில் வாங்கியவன் அதைத் தானாகத் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்குக் குரல் வேறு கம்பீரமாக அமைந்து தொலைத்தது. (நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?)

அப்போது உலு திராமில் அக்கா வீட்டில் தங்கி, ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் சாக்கடை அடைத்துக்கொண்டதால், மழை பெய்தால் தண்ணீர் நேராக அக்கா வீட்டுக் கூடத்துக்குள் வந்துவிடும். புகார் கொடுத்து அலுத்துப்போன குடியிருப்பாளர் சங்கம், எங்கள் சட்டமன்ற உறுப்பினரை, அதாவது ஒய்.பி.யை, நேரிலேயே வரவழைத்தது. அவர் அரை மணி நேரம்தான் இருப்பார். அதற்குள் அக்கா சாக்கடையைப் பற்றிக் கேட்க வேண்டும், அவர் வந்து பார்க்க வேண்டும். அறிவிப்பாளர், அடியேன்.

"தம்பி, சுருக்கமா பேசு லா," என்றாள் அக்கா.

"எனக்கே சொல்லித் தர்றியா? நான் பத்திரிகைக்காரன்க்கா!"

நம் மேடைகளில் வந்தவர்களைப் பதவி வரிசை பிசகாமல் பெயர் சொல்லி விளிக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அடுத்த தேர்தல்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நான் ஒருவரையும் விடவில்லை. பட்டம் இல்லாதவர்களுக்கு நானே கொடுத்தேன். நாற்காலி வாடகைக்கு விட்டவர் 'சமூகச் செம்மல்' ஆனார். ஆளுக்கொரு பொன்னாடை, பொன்னாடைக்கொரு புகைப்படம். பிறகு ஒய்.பி.யின் வாழ்க்கை வரலாற்றை ஆரம்பப் பள்ளியிலிருந்து தொடங்கினேன். (அவரே 'போதும்' என்று கையைக் காட்டினார். தன்னடக்கம் என்று நினைத்து அதையும் புகழ்ந்தேன்.)

வரலாறு இடைநிலைப் பள்ளிக்கு வந்தபோது அவர் எழுந்து எல்லாரையும் கும்பிட்டார். கூட்டம் கைதட்டியது. எனக்குத்தான் என்று நானும் குனிந்து வணங்கினேன். நிமிர்ந்தால் நாற்காலி காலி.

"டேய் தம்பி! காரு ஸ்டார்ட் ஆயிடுச்சுடா!" என்று கத்திக்கொண்டே அக்கா செருப்பில்லாமல் ஓடினாள். பிடிக்க முடியவில்லை.

அலமாக்! அன்று மாலையே மழை. மிஞ்சிய பொன்னாடைகளைச் சுருட்டி அக்கா வாசற்படியில் அணை கட்டினாள். தண்ணீர் மதிக்கவே இல்லை. மறுநாள் பேப்பரில் என் செய்தி வந்திருந்தது: 'மக்கள் குறைகேட்கும் நிகழ்வு வெகு சிறப்பாக நடந்தேறியது.' (மழைக்கு முன்பே அனுப்பிவிட்டேன்.) அக்கா அதை முழுவதும் படித்தாள். பிறகு ஈரத் தரையில் விரித்து, மேலே ஏறி நின்றாள்.

"நல்லாதான் எழுதியிருக்கே. நல்லா உறிஞ்சுது."

அடுத்த வாரம் அவளே ஒய்.பி.யின் சேவை மையத்துக்குப் போய், நனைந்த சோபாவின் படத்தைக் காட்டி, "வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள். வந்து பார்த்தார்கள். சாக்கடை சரியானது.

நான் திருந்தினேனா? என் கல்யாணத்தில் நன்றி சொல்ல நானே மைக்கை வாங்கினேன். 'பெருமதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "தம்பி, காரு ஸ்டார்ட் ஆயிடுச்சு!" என்று பின்னாலிருந்து அக்கா குரல். மண்டபமே சிரித்தது. மணமேடையில் இருந்த என் மனைவி அதை அன்றே மனப்பாடம் செய்துகொண்டாள்.

இப்போதெல்லாம் வீட்டில் அதைச் சொல்லக்கூட வேண்டியதில்லை. நான் தொண்டையைச் செருமினாலே போதும், என் சின்ன மகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், சாவி திருப்புவதுபோல் கையைத் திருப்புகிறாள்.