இறக்கி வைக்க ஒன்றுமில்லாதவன்

பௌர்ணமிதோறும் மலை சுற்ற வரும் பொதுமக்கள் அளவுக்கு மீறிச் சுமக்கிறார்கள் என்பதை மேலிடம் மிகுந்த கவலையுடன் கவனித்து வந்தது. விலைவாசியைச் சொல்லவில்லை, பையைச் சொல்கிறேன். அந்தக் குறையைப் போக்கத் தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் 'பக்தர் பாரம் இறக்கும் தனிப்பிரிவு' திறக்கப்பட்டது. தனி அலுவலராக மூர்த்தி என்பவர் வந்தார். ஏதோ ஒரு மலைவாசஸ்தலத்தில் நடந்த 'குறைவே நிறைவு' முகாமில் ஞானம் பெற்றவர். அந்த ஞானத்துக்குத் தேவையான புத்தகங்கள், கோரைப் பாய்கள், தியான மணைகள், மண் குவளைகள் எல்லாம் பின்னாலேயே லாரியில் வந்தன.

லாரியிலிருந்து இறக்கியவன் இருசப்பன். வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அவன் தூக்கிய அழகைப் பார்த்த மூர்த்தி, அவனையும் கூட்டாளிகளையும் பிரிவிலேயே சேர்த்துக்கொண்டார்.

திட்டம் எளிமையானது. கோபுரத்தருகே ஒரு கொட்டகை. பை, குடை, சோற்றுத் தூக்கு எல்லாவற்றையும் அங்கே ஒப்படைத்து ஓர் அடையாள வில்லை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு நடக்க வேண்டும். ஆனால் பாதி வழி போனவர்கள் பையை நினைத்துப் பதறிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்கள். மூர்த்தி கண்ணை மூடி யோசித்தார்.

"பை இருக்குமா போயிடுமான்ற கவலையும் ஒரு சுமைதான். அதனால அவங்க கண்ணுல படற தூரத்துலயே பையும் வரணும்."

"பை எப்படி சார் நடக்கும்?" என்றான் இருசப்பன்.

"நீ எதுக்கு இருக்க?"

அன்று முதல் பக்தர்கள் கையை வீசி முன்னால் நடக்க, அவர்கள் துறந்ததெல்லாம் இருசப்பன் முதலானோர் தலைமேல் பின்னால் வந்தது. வண்டி கூடாது, சக்கரச் சத்தம் அமைதியைக் கெடுக்கும். நடந்து முடித்தவர்கள் கண்கலங்கி, "உடம்பே பஞ்சு மாதிரி ஆயிடுச்சி" என்றார்கள்.

அப்புறம்தான் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "சார், மலைய சுத்தின பைக்குப் புண்ணியம் உண்டா, இல்லையா?"

மூர்த்தி மறுபடியும் கண்ணை மூடினார். "பை சுத்தினா அதுக்குள்ள இருக்கற துணி சுத்தின மாதிரி. அந்தத் துணிய உடுத்தினா, உடுத்தினவர் சுத்தின மாதிரி."

அடுத்த பௌர்ணமிக்கு முதலாளிகள் லாட்ஜில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிரிக்கெட் பார்த்தார்கள். சாலை முழுக்க மூட்டைகள் வலம் வந்தன. விபூதி பூச நெற்றி கிடைக்காமல் மூட்டைகளுக்கே பூசினார்கள். நெரிசலை அறவே ஒழித்ததற்காகப் பிரிவுக்குப் பாராட்டு வந்தது.

இவ்வளவையும் சுமந்த இருசப்பனுக்கு ஒரே ஓர் ஆசை. பெண்டாட்டி சரசுவிடம் சொன்னான்.

"பஞ்சு மாதிரி ஆவுது, பஞ்சு மாதிரி ஆவுதுன்றாங்களே. அது இன்னான்னு ஒரு வாட்டி பாத்துடணும் சரசு. உன்னோட, கைய வீசிக்கினு."

"சீக்கிரம் பாருய்யா. இன்னும் கொஞ்ச நாள் போனா உன் தலை தோளுக்குள்ள பூந்துடும்."

மூர்த்தியிடம் போய் நின்றான். "சார், இந்தப் பௌர்ணமிக்கு லீவு வேணுங்க. நானும் வீட்டுல அவளும் மலை சுத்தப் போறோம்."

"தாராளமா போ. என்னத்த இறக்கி வைக்கப் போற?"

"எங்கிட்ட இன்னா சார் இருக்குது?"

மூர்த்தியின் முகம் சுருங்கியது. "ஒண்ணுமே இல்லாதவன் எதத் துறப்ப? துறக்காம எப்படி விடுதலை? வில்லை இல்லாம யாரையும் நடக்க விடக்கூடாதுன்னு உத்தரவு இருக்குப்பா."

"கஷ்டத்த இறக்கி வெக்கலாமா சார்?"

"அதுக்குக் கொட்டகையில இடவசதி இல்ல."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சரசு வீட்டுக்கு ஓடி அம்மிக்குழவியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள். "இதான் சார் எங்க சொத்து. நல்லா துறந்துக்குங்க."

மகிழ்ச்சியோடு வில்லைகள் கொடுத்த மூர்த்தி, குழவியை யார் சுமக்க வேண்டுமென்று பார்த்தார். கடைசியாக வந்த சுமை கடைசி வரிசைக்கு. அது இருசப்பன் வரிசை.

"சார், எனக்குத்தான் லீவு குடுத்துட்டீங்களே!"

"லீவு உனக்குத்தான். வரிசைக்கு எப்படிக் குடுக்கறது?"

ஆக, பௌர்ணமியன்று பொழுது சாய்கையில் இருசப்பன் விடுதலை பெற்றவனாக வலம் வந்தான். கழுத்தில் வில்லை. தலையில் ஜவுளிக்கடை முதலாளியின் பெட்டி. அதன்மேல் அவன் துறந்த அம்மிக்குழவி.

பக்கத்தில் சரசு கையை வீசிக்கொண்டு வந்தாள். "இன்னாயா, பஞ்சு மாதிரி இருக்குதா?"

பாதி வழியில் அடி அண்ணாமலை ஊர் வந்ததும் அவன் நின்றான். பெட்டியையும் குழவியையும் நடுச்சாலையில் இறக்கி வைத்தான்.

"இன்னாயா பண்றே?"

"துறந்துட்டேன்."

பின்னால் வந்த கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வரிசையாக எல்லோரும் துறந்தார்கள். சேதி லாட்ஜுகளுக்குப் போனது. இத்தனை பௌர்ணமிகளாக எழுந்திருக்காத பக்தர்கள் எல்லாம் லுங்கியோடும் துண்டோடும் ஓடிவந்தார்கள். தன் பை கிடைத்தவர் கட்டிக்கொண்டார்; கிடைக்காதவர் இருப்பதில் பெரியதை எடுத்துக்கொண்டார். மூச்சிரைக்க மூர்த்தியும் வந்து சேர்ந்தார்.

இருசப்பன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஆனால் ஏதோ சரியில்லை. கழுத்து ஆடியது. கால் தரையில் பாவவில்லை. காற்று அடித்தால் பறந்துவிடுவோமோ என்று பயம் வந்தது. கைகள் இரண்டும் தாமாகவே மேலே போய், தலைக்கு மேல் ஒன்றுமில்லாததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. நடை சீரானது.

"யோவ், கைய கீழ போடு. மூட்டைதான் இல்லயே!"

"போட்டா விழுந்துடுவேன் போல இருக்குதுடி."

பின்னால் வந்த கூட்டம் அதைப் பார்த்தது. மேலே நிலா, எதிரே மலை, நடுவில் கையுயர்த்திய ஒரு மனிதன். "அரோகரா!" என்று எவனோ கத்தினான். அத்தனை கைகளும் பைகளோடு மேலே போயின. மூர்த்தி கண்ணை மூடினார்.

அடுத்த பௌர்ணமிக்குள் வழியெங்கும் பலகை வைத்துவிட்டார்கள்: 'பக்தர்கள் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியே வலம் வர வேண்டும். கையை வீசி நடத்தல் கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது.' எதைத் தூக்குகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. முடித்தவர்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு, உடம்பே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்றார்கள்.

இருசப்பன் விடவில்லை. வீட்டு வாசலிலேயே வெறுந்தலையோடு நடந்து பழகினான். பழகி முடித்ததும் ஒரு பௌர்ணமியில் சரசுவோடு சாலையில் இறங்கி, மெதுவாகக் கைகளைக் கீழே விட்டு, ஒரு வீசு வீசினான்.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார், பார்க்கவே இல்லை. பார்த்தவர்கள் பின்னால் வந்த பொதுமக்கள்தான்.

"யோவ்! நாங்கல்லாம் தூக்கிக்கினு வரல? தூக்குய்யா கைய!"