உன் இஷ்டம்

“சொல்லுங்க, இந்தச் சத்தம் எப்படி இருக்கு?” என்று கேட்டார் மேலாளர் அம்மா.

மேசை மேல் கம்பெனி புதிதாகச் செய்த ஐந்து காலிங் பெல்கள் இருந்தன. சுற்றிலும் எட்டுப் பேர். எல்லோரும் அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்தவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க இஷ்டம் மேடம்.”

“என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்களை எடுத்தது உங்க அபிப்பிராயத்துக்காக. சாப்பாட்டுக்கு அப்புறம் கூடுவோம், அப்ப சொல்லுங்க.”

புதியவருக்கு வியர்த்துவிட்டது. பழைய ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் குப்பை கொட்டியிருந்தார். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே ‘இஷ்டம்’. அந்த ஆபீசை இழுத்து மூடாமல் இருந்திருந்தால் அதே வார்த்தையோடு ஓய்வும் பெற்றிருப்பார்.

வீட்டிலும் அதே கதைதான். நர்ஸாக இருக்கும் மனைவி, ஆறு மாதம் வெளியூர் போகச் சொன்ன உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, “முடியாதுன்னு எழுதிக் குடுத்தா வேற ஆளை அனுப்பிடுவாங்க. போகட்டுமா?” என்று கேட்டபோது, “உன் இஷ்டம்” என்றார். அவள் உத்தரவை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினாள்.

இப்போது ஏழாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. “இன்னும் விடலைங்க” என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போக மனமில்லாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். அதை அவளிடம் சொல்லலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். எடுத்துவந்த ஐந்து பெல்லையும் அழுத்திக் காட்டினார்.

“மூணாவது” என்றாள் அவள். “மத்ததெல்லாம் யாரோ சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு.”

கூட்டத்தில் அதை அப்படியே ஒப்பித்தார். மேலாளர் கைதட்டினார்.

“பாருங்க, இதுதான் அபிப்பிராயம். இனிமே எல்லாச் சத்தமும் முதல்ல இவர் காதுக்குத்தான் போகணும்.”

மறுநாள் பத்து பெல்கள் வந்தன. அடுத்த நாள் இருபது. கூடவே ஜன்னல் திரைக்கு எந்த நிறம், லீவு கேட்ட டிரைவருக்கு லீவு கொடுக்கலாமா என்பதெல்லாம் அவரிடமே வந்தது. (“குடுக்கச் சொல்லுங்க, பாவம்” என்றாள் மனைவி.) அவர் படிக்கு அடியில் நின்று பெல்லை அழுத்த, அங்கே அவள் போனில் அது அலற, எந்தக் கட்டிலில் கூப்பிடுகிறார்கள் என்று வார்டில் இரண்டு நர்ஸுகள் ஓடினார்கள். கட்டிலில் இருந்த ஒரு பெரியவர், தான் எந்த பெல்லையும் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்.

வியாழக்கிழமை வந்த பெல் நன்றாக இல்லை என்று அவருக்கே தெரிந்தது. இருந்தாலும் போன் போட்டார். அவள் குரலைக் கேட்க அது ஒரு சாக்கு.

“இதைக் கொஞ்சம் கேளேன்...”

“இருங்க. இன்னிக்கு நான் ஒண்ணு கேக்கறேன். இங்கேயே நிரந்தரமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க. நாளைக்குள்ள சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?”

நெஞ்சு முழுக்க ‘வேண்டாம்’தான் இருந்தது. பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

“உன் இஷ்டம்.”

அவள் போனை வைத்துவிட்டாள். அப்புறம் எப்போது கூப்பிட்டாலும், அவளோடு அறையில் தங்கியிருந்த பெண்தான் எடுத்தாள். “அக்கா பேச மாட்டாங்களாம் அண்ணா.”

வெள்ளிக்கிழமை மறுபடி ஐந்து பெல்கள். அபிப்பிராயத்தை இரவல் வாங்க ஆள் இல்லை.

“இதுல எது நல்லா இருக்கு?” என்றார் மேலாளர்.

“எதுவும் நல்லா இல்ல மேடம்.”

எட்டுப் பேரும் நிமிர்ந்தார்கள். அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“எங்க வீட்டு பெல்லு கரகரன்னு இருக்கும். என் மனைவி, கையில சாவி இருந்தாலும் ரெண்டு தடவை அழுத்திட்டுத்தான் உள்ள வருவா. அதைக் கேட்டு ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. எனக்கு அந்தச் சத்தம்தான் வேணும். வேற எதுவும் வேணாம்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதைப் போய் எங்ககிட்ட சொல்றீங்களே. போங்க, போன் போடுங்க.”

படிக்கு அடியில் ஓடினார். இந்தத் தடவையும் அந்தப் பெண்தான் எடுத்தாள்.

“அக்கா குளிக்கறாங்க அண்ணா.”

“பரவாயில்லம்மா, நீயே சொல்லிடு. நிரந்தரமெல்லாம் வேண்டாம். அவ இல்லாம எனக்கு முடியல. வந்துடச் சொல்லு. இது என் அபிப்பிராயம்.”



“நிரந்தரமா? அப்படி யாரும் கேக்கலையே அண்ணா. அக்காவோட ஆறு மாசம் போன மாசமே முடிஞ்சிடுச்சு. நீங்க ‘வா’ன்னு சொல்லட்டும்னு அவங்களாத்தான் இன்னும் ஒரு வாரம் இருக்கேன்னு வாரா வாரம் எழுதிக் குடுத்துட்டு இருக்காங்க, கட்டி வச்ச பெட்டியில தினம் நான் இடிச்சுக்கிட்டு இருக்கேன்.”