கதவைச் சாத்தும் கிளி

சிராங்கூன் சாலை,
சிங்கப்பூர், 1957.

ஈப்போவில் இங்கிலீஷில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் மதிப்பிற்குரிய துரைசாமி மாமாவுக்கு, மருமகள் பாக்கியலட்சுமி வணங்கி எழுதுவது. நாங்கள் நலம். அதாவது, இதை எழுதும்வரை நலம்.

எங்கள் ஜோசியக் கிளி கூண்டுக் கதவைத் தானே சாத்திக்கொண்டதை முதலில் கவனித்தது நான்தான். கடலை விற்கும் அழகப்பன் ஜோசியம் கேட்க அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த கிளி சீட்டுப் பக்கம் போகவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தது, திரும்பி நடந்தது, வேண்டாத விருந்தாளியைக் கண்ட வீட்டுக்காரி மாதிரி அலகால் கதவை இழுத்துக்கொண்டது. அப்பா நெல்லைக் காட்டிக் கெஞ்சியும் வரவில்லை. அந்த வாரமே அழகப்பன் கடலைத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அடுத்து இடியப்பம் விற்கும் தங்கம் அக்கா வந்தார். அவரைப் பார்த்தும் கிளி கதவைச் சாத்தியது. “என்ன அண்ணே, உங்க கிளிக்கு என் மூஞ்சி புடிக்கலயா? நான் என்ன பூனையா?” என்று சிரித்துவிட்டுப் போனார். அவரும் இப்போது இல்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. “புதுக் கிளி சோம்பேறி லா. கிளி வித்த கடைக்காரனுக்கு இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாத்தான் வேற கிளி தருவானாம். வேலை சரியில்லன்னு எழுதும்மா” என்கிறார்.

எனக்குத் தெரிந்த நல்ல இங்கிலீஷ் ஒன்றுதான் மாமா: ‘நாட் அப் டு தி மார்க்’. என் கடைசி ரிப்போர்ட் கார்டில் டீச்சர் அடிக்கோடு போட்டு எழுதியது. அதற்கு அர்த்தம் கேட்டறிந்துதான் அப்பா என் படிப்பை நிறுத்தினார். எதிர்பார்த்த அளவுக்குக் கீழே என்று அர்த்தம். இந்தக் கிளியோ எதிர்பார்த்ததற்கு மேலேயல்லவா செய்கிறது? அதைப் பற்றி இப்படி எழுதினால் பொய்யாகாதா?

நேற்று அப்பாவே, “எனக்கு ஒண்ணு எடு ராஜா” என்று அதன் எதிரே உட்கார்ந்தார். நான் அவர் பின்னால் நின்றேன். கிளி வந்தது, பார்த்தது, கதவு டக்கென்றது. “பாத்தியா, சோம்பேறி!” என்றார் அப்பா. அழகப்பனுக்கும் தங்கம் அக்காவுக்கும் நடந்ததைச் சொன்னால் சிரிக்கிறார். கிளியைத் திருப்பிக் கொடுத்தால் அப்பா தப்புவாரா? அந்த வாக்கியத்தைப் போடலாமா? உடனே எழுதுங்கள்.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.

பாக்கியலட்சுமி

பின்குறிப்பு: பதில் வேண்டாம் மாமா. அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் கூண்டுக் கதவைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டேன். கூண்டின் முன்னால் என்னைத் தவிர யாருமில்லை. கிளி வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது. நேற்றும் அப்பாவின் தோளுக்கு மேலே என்னை இப்படித்தான் பார்த்தது. பிறகு உள்ளே போய், கதவு இருந்த இடத்தை அலகால் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. நான் கடைக்காரனுக்கான புகார்த் தாளை எடுத்து, இனி பொய்யாகாதென்று ‘நாட் அப் டு தி மார்க்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.