சும்மா இருந்த தெருவுக்கு மைனஸ் மூணு

மேற்குப் புறநகர் கொசுக் கண்காணிப்பு நிலையத்தில் கொசு ஒழிந்ததோ இல்லையோ, கொசுவைப் பற்றிய புள்ளிவிவரம் மட்டும் செழித்துக் கொழுத்தது. அதை மேய்ப்பதற்கென்றே ஒப்பந்தத்தில் வந்தவள் அகல்யா. போன வருஷம் அவள் மகள் நிஷா டெங்குவில் படுத்துப் பிழைத்தவள். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து கொசுச் சத்தம் கேட்டாலே அகல்யா மட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஆய்வு இதுதான்: சில தெருக்களில் புகை, சிலவற்றில் தேங்கிய நீரில் போடும் எண்ணெய்ப் பந்து, சிலவற்றில் கொசுப்புழு தின்னும் மீன்குஞ்சு. ஒப்பிட்டுப் பார்க்க, எதுவுமே செய்யாத தெருக்கள் சில. அயனம்பாக்கத்தில் அகல்யா குடியிருந்த தெரு இந்தக் கடைசி ரகம்.

"நாலு ரகத் தெருவுக்குள்ள எங்கயோ வித்தியாசம் இருக்குன்னு கணினி சொல்லிடுச்சு சார். எதுக்கும் எதுக்கும் நடுவுலன்னு கேக்கணும்னா ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு எடை கொடுக்கணும். ஏதாவது செஞ்ச மூணு ரகத்துக்கும் பிளஸ் ஒவ்வொண்ணு, செய்யாததுக்கு மைனஸ் மூணு. கூட்டினா பூஜ்யம்," என்றாள் அகல்யா.

நிலைய அதிகாரி கிருபாகரன் நிமிர்ந்தார். "பூஜ்யமா? ஆடிட்ல ஒத்துக்க மாட்டாங்களேம்மா."

"கணக்கே அதுதான் சார். அதோட, எதை எதோட ஒப்பிடறோம்னு முடிவைப் பாக்கறதுக்கு முன்னாடியே தீர்மானிச்சிடணும்."

"அடடே! டெண்டர்லாம் நாம அப்படித்தானே போடறோம்!" அவருக்கு ஒரே சந்தோஷம்.

பொத்தானை அழுத்தினாள். வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. ஆனால் தலைகீழாக! எதுவும் செய்யாத தெருக்களில்தான் கொசு குறைவு.

"சார், அங்கெல்லாம் யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சு ஜனங்களே ஞாயித்துக்கிழமை சாக்கடையைத் தூர்வாரினாங்க. நானும் வாரினேன்."

"தூர்வாரினதுக்குப் படிவத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ அது நடக்கல."

அடுத்த மாதமே 'ஒருங்கிணைந்த சும்மா இருத்தல் திட்டம்' உதயமானது. தெருவுக்கு ஒரு பலகை, பலகைக்கு ஒரு தேங்காய். சும்மா இருக்கத் தெருவுக்கு ஓர் ஊழியர், அவர் தவறிப்போய் ஏதாவது செய்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர். அம்பத்தூர் அடுக்குமாடிக்காரர்கள் விடுவார்களா? தங்களையும் சேர்க்கச் சொல்லி சிபாரிசுக் கடிதத்தோடு வரிசையில் நின்றார்கள். சும்மா இருப்பதை வீடியோ எடுத்துப் போடுவது நாகரிகமாகிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அகல்யா மண்வெட்டியோடு கிளம்பினாள். எதிர்வீட்டுக் கோதண்டம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இன்னாம்மா, அதான் திட்டம் வந்துகீதே! ஆள் போட்டுகீறாங்க. இன்னும் நாம எதுக்குச் சேத்துல எறங்கணும்?"

அட, நியாயம்தானே? சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவன் சும்மா இருக்கும்போது நாம் ஏன் இலவசமாக வேலை செய்ய வேண்டும்? அகல்யா திரும்பி வந்து டிவி போட்டாள்.

இரண்டே மாதத்தில் சாக்கடை நுரைத்தது. பகலிலேயே கொசு மொய்த்தது. தெருவே பொங்கி எழுந்தது. அகல்யாவே உட்கார்ந்து, நல்ல தமிழில், நாற்பது கையெழுத்தோடு மனு எழுதினாள்: "எங்கள் பகுதிக்கு நியமிக்கப்பட்ட ஊழியர் முறையாகச் சும்மா இருப்பதில்லை. அனுபவமுள்ள வேறொருவரை அனுப்பி ஆவன செய்யும்படி பணிவன்புடன் வேண்டுகிறோம்."

நிஷா முழங்காலைச் சொறிந்துகொண்டே வந்தாள். "அம்மா, ரொம்பக் கடிக்குதும்மா. நாமளே போய் வாரிட்டு வந்துடலாமா?"

"பேசாம இருடி," என்றாள் அகல்யா. "மனு கொடுத்திருக்கேன்ல?"